கேட்டவர்கள் மாறினார்களா?

“இந்த வானொலி என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது” என்று ஒருவர் கண்கலங்கச் சொல்லும்போது அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. மத வானொலிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதும் அல்ல. இலங்கை வானொலியில் திரைப்பாடல்களுக்கு நடுவே கட்டணம் செலுத்தி நேரம் வாங்கி ஒலித்த ‘சத்தியவசனம்’ போன்ற நிகழ்ச்சிகள் முதல், இன்று கைப்பேசியிலேயே ஓடும் நற்செய்தி அலைவரிசைகள் வரை, நேயர்களின் சாட்சிகளுக்கு எப்போதும் தனி இடம் உண்டு. குடியை விட்டவர் எழுதுவார். சாகத் துணிந்து பின்வாங்கியவர் எழுதுவார். சிகரெட்டைக் கசக்கி எறிந்தவர் எழுதுவார். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. என்னை உறுத்துவது வேறொன்று. கேட்டும் மாறாதவர் கடிதம் எழுதுவதில்லை. மாறியவர்களுக்குங்கூட, தாங்கள் எதனால் மாறினோம் என்பது சரியாகத் தெரிந்திருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இது வெறும் யோசனையாகவே நின்றிருந்தால் எழுதும் அளவுக்கு வளர்ந்திருக்காது. நான் வசிக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கல்லூரி ஒன்றின் வானொலியைக் கேட்பவர்களிடையே ஒரு மாணவி கருத்துக்கணிப்பு நடத்தினார். வளாக வானொலி நேயர்களின் இறைநம்பிக்கையையும் உடல்நலப் பழக்கங்களையும் எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வுப் பொருள். அந்தக் கேள்வித்தாளை இன்னொருவருக்காக நான் வாசித்துக் காட்ட நேர்ந்தது. அங்கே கேட்ட பதில்களும், தாளில் விழுந்த குறிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சமையலறைக்குள் வந்த சமயம்

வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் கொள்வதால் நம் ஊரில் ‘சனிக்கிழமைச் சபை’ என்று அழைக்கப்படும் அட்வென்டிஸ்ட் சபை, உடல்நலத்தைப் பிரசங்கத்தின் ஓரத்தில் வைத்த சபை அல்ல. சபை முறையாக அமைக்கப்பட்ட 1863ஆம் ஆண்டிலேயே, அதன் நிறுவனர்களில் ஒருவரான எல்லன் வைட் அம்மையார் மிச்சிகன் மாநிலத்தில் தமக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். புகையிலை, மது, இறைச்சி, அளவுக்கு மீறிய மருந்து ஆகியவற்றை விட்டுத் தண்ணீர், காற்று, எளிய உணவு என்று வாழ்வதும் கடவுளுக்குச் செய்யும் கடமையே என்பது அதன் சாரம். மூன்றே ஆண்டுகளில், 1866இல், பேட்டில் கிரீக் நகரில் அவர்களுடைய முதல் சுகாதார நிலையம் எழுந்தது. பின்னாளில் உலகமெங்கும் காலையுணவு மேசைக்கு வந்துவிட்ட கார்ன் ஃப்ளேக்ஸ், அந்த நிலையத்தை நடத்திய கெல்லாக் சகோதரர்களின் சமையல் சோதனைகளிலிருந்து பிறந்ததுதான். 1905இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் நிலம் வாங்கினார்கள். இன்று அங்கே ஒரு பெரிய மருத்துவப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்த ஊரில் நெடுங்காலம் அஞ்சல்காரர் சனிக்கிழமை வராமல் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்பதை இங்கே குடியேறும் ஒவ்வொருவரிடமும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

இத்தகைய சபை கல்லூரி கட்டினால் அங்கே வானொலியும் வரும், வானொலி வந்தால் அதில் உடல்நலமும் பேசப்படும் என்பது இயல்பு. அமெரிக்காவில் வளாகத்து மத வானொலி பழைய கதை. செயின்ட் லூயிஸ் நகரத்து லுத்தரன் குருமடம் 1924இலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. சிகாகோவின் ‘மூடி’ (Moody) வேதாகமக் கல்லூரி 1926இல் தொடங்கியது. 1945இல் பண்பலையின் கீழ்ப்பகுதியான 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தை வணிக நோக்கற்ற கல்வி ஒலிபரப்புக்கென்று அரசு ஒதுக்கியதும், கல்லூரிகள் ஒவ்வொன்றாக அங்கே இடம்பிடித்தன. வாஷிங்டனை அடுத்த டகோமா பார்க்கின் அட்வென்டிஸ்ட் கல்லூரியில் மாணவர்கள் தொடங்கிய டபிள்யூ.ஜி.டி.எஸ். நிலையம் 1957ஆம் ஆண்டினது. காரில் செய்தி கேட்பதற்காகக் குமிழைத் திருப்புகிறவர் பாதி வழியில் ஒரு பிரசங்கத்திலோ துதிப்பாடலிலோ இடறுவது இந்த ஒதுக்கீட்டின் விளைவுதான். நானும் அப்படி இடறியவன்தான்.

நான் கேட்ட அளவில், மாணவி ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எங்கள் பகுதி நிலையத்தில் பிரசங்கம் குறைவு, பாட்டு அதிகம். பாடல்களுக்கு நடுவே உப்பைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ ஒரு நிமிடப் பேச்சு வரும். வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் வேளையில் இசையின் நடை தணியும்; ஓய்வுநாள் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பாளர் வாழ்த்துவார். அடிக்கடி ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்வார்கள்: ஜெபம் தேவைப்படுகிறவர்கள் அழைக்கலாம். அந்த எண்ணை நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அட்வென்டிஸ்டுகளைப் போல மருத்துவ ஆய்வாளர்களுக்கு வாய்த்த சமயக் கூட்டம் அரிது. 1958இல் தொடங்கி லோமா லிண்டாவில் மூன்று பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2002இல் தொடங்கிய மூன்றாவது ஆய்வில் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த சுமார் 96,000 பேர் இடம்பெற்றனர். 2001இல் வெளியான ஒரு கணக்கின்படி, 30 வயதைத் தொட்ட கலிஃபோர்னிய அட்வென்டிஸ்ட் ஆண் ஒருவர் அதே வயதுடைய பிற கலிஃபோர்னிய ஆண்களைவிடச் சராசரியாக 7.3 ஆண்டுகளும், பெண் ஒருவர் 4.4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ எதிர்பார்க்கலாம். இந்த எண்களை வைத்துக்கொண்டுதான், ‘பாருங்கள், போதனை பலித்திருக்கிறது, அதே போதனையைக் காற்றில் அனுப்பினால் ஊருக்கும் பலிக்கும்’ என்ற வாதம் கட்டப்படுகிறது. வளாக வானொலிக்கு நன்கொடை கேட்கும் வாரங்களில் இந்த வாதத்தை நான் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த மூன்றாவது ஆய்வுக்குள் இன்னோர் எண் இருக்கிறது. 2013இல் வெளியான கட்டுரையில் சுமார் 73,000 அட்வென்டிஸ்டுகளின் உணவுமுறையை வகைப்படுத்தியிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் சைவ வகைகள் எதிலும் சேராதவர்கள். வாரம் ஒருமுறைக்கு மேல் இறைச்சியோ மீனோ சாப்பிடுகிறவர்கள். இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இவர்கள் எங்கோ காரில் போகும்போது தற்செயலாகக் கேட்டவர்கள் அல்லர். பலர் அந்தச் சபையிலேயே பிறந்து, அதன் பள்ளியில் படித்து, 150 ஆண்டு காலமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரே செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிலேயே பாதிப் பேர் இறைச்சி விஷயத்தில் அந்தச் செய்தியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே மக்களிடையே புகைப்பவரோ குடிப்பவரோ மிகவும் அரிது. ஏன் இந்த வேறுபாடு? மதுவையும் புகையிலையையும் விடுவேன் என்பது ஞானஸ்நானத்தின்போது சபைக்கு முன்னால் கொடுக்கும் வாக்குறுதி. அது இல்லாமல் உறுப்பினராக முடியாது. சைவ உணவோ பரிந்துரை மட்டுமே. வாக்குக் கொடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அறிவுரை கேட்டவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் இல்லை.

வானொலியால் அறிவுரை மட்டுமே தர முடியும். அது யாரிடமும் வாக்குறுதி வாங்குவதில்லை, மறுநாள் வந்து விசாரிப்பதுமில்லை. இவ்வளவு வலுவான சபைக்குள்ளேயே வெறும் பரிந்துரை பாதி தூரந்தான் போயிருக்கிறது என்றால், சபைக்கு வெளியே, சமையலறையில் தனியாக நிற்கும் நேயரிடம் ஒரு நிமிடப் பேச்சு எவ்வளவு தூரம் போகும்? கேள்வித்தாளைக் கையில் எடுத்தபோது என் மனத்தில் இருந்த கணக்கு இதுதான்.

அஞ்சு போடுங்க தம்பி

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரர். ஓய்வுபெற்ற செவிலியர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் வேறு மாநிலங்களில். அவர் வீட்டுச் சமையலறையில் அந்த வளாக வானொலி காலையிலிருந்து இரவு வரை மெல்லிய குரலில் ஓடிக்கொண்டே இருக்கும். “அந்த ரேடியோதான் தம்பி என்னைய மாத்திச்சு” என்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்வதற்குக் காரணமும் இருந்தது. பணிக்காலம் முழுவதும் இரவுப் பணியும் ஃபிளாஸ்க் காப்பியுமாக இருந்தவர், ஓய்வுக்குப் பின்னும் இரவு பத்து மணிக்குச் சோறு வைத்துச் சாப்பிட்டவர், இப்போது ஆறரை மணிக்கே இரவு உணவை முடித்துவிடுகிறார். காப்பி ஏறக்குறைய நின்றுவிட்டது. காலையில் நடக்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) ஒன்பதுக்குப் பக்கத்திலிருந்து ஏழுக்குக் கீழே வந்துவிட்டது. கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் தபாலில் அந்தக் கேள்வித்தாள் வந்ததால், என்னை வாசிக்கச் சொன்னார்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து கட்டங்கள்; முற்றிலும் மறுக்கிறேன் என்பது ஒன்று, முற்றிலும் ஏற்கிறேன் என்பது ஐந்து. ‘இந்த வானொலி என் இறைநம்பிக்கையை வலுப்படுத்தியிருக்கிறது’ என்று படித்தேன். “அஞ்சு போடுங்க தம்பி.” ‘என் உணவுப் பழக்கத்தை மேம்படுத்தியிருக்கிறது.’ “அஞ்சு.” ‘உடற்பயிற்சி செய்யத் தூண்டியிருக்கிறது.’ “அதுக்கும் அஞ்சு.” வேகமாகப் போய்க்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கேள்வி வந்தது: உங்கள் உணவுப் பழக்கத்தை மாற்றக் காரணமாக இருந்த நிகழ்ச்சி எது? கீழே நிலையத்தின் உடல்நல நிகழ்ச்சிகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி படித்தேன். “அதெல்லாம் கேப்பேன். நல்லாத்தான் சொல்லுவாங்க” என்றவர், கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் கோபத்தோடேயே சொன்னார்: “சுகருக்கு என்ன சாப்பிடணும்னு ரேடியோக்காரன் எனக்குச் சொல்லித் தரணுமா தம்பி? முப்பத்தஞ்சு வருசமா ஊருக்கே சொல்லிக்கிட்டிருந்தவ நான்.”

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த ஆய்வின் அடிப்படையே ஆட்டம் கண்டது. கேள்வித்தாளைத் தயாரித்தவர், வானொலி தகவல் தருகிறது, தகவல் பழக்கமாகிறது என்று ஒரு நேர்க்கோட்டை மனத்தில் வைத்திருந்தார். நானும் அந்தக் கோட்டை வைத்துத்தான் ஐயப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தகவல் பஞ்சமே இல்லை. எண்ணற்ற நோயாளிகளின் கட்டிலருகே நின்று அவரே சொன்ன அறிவுரையை அவரே வீட்டில் பின்பற்றியதில்லை, அவ்வளவுதான். அப்படியானால் மாற்றியது எது என்று கேட்டேன். அவர் சொன்ன கதையில் வானொலி நிகழ்ச்சி எதுவும் இல்லை.

கணவர் இறந்த அந்தக் குளிர்காலத்தில் ஓர் இரவு, தூக்கம் வராமல், வானொலியில் சொன்ன ஜெப எண்ணை அழைத்திருக்கிறார். எடுத்தவர் பெயரைக் கேட்டு, ஜெபித்து, குறித்துக்கொண்டார். மறுநாள் திரும்ப ஓர் அழைப்பு வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண்மணி, அட்வென்டிஸ்ட், நிலையத்தின் தொண்டர். அதன் பிறகு வாரம் ஒருமுறை அழைத்தார். பிறகு, இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு பூங்கா இருக்கிறதே, சேர்ந்து நடக்கலாமே என்றார். அவர் அதிகாலையில் நடக்கிறவர்; அதற்காக அக்கா சீக்கிரம் படுக்க வேண்டியதாயிற்று; சீக்கிரம் படுக்கச் சீக்கிரம் சாப்பிட வேண்டியதாயிற்று. மாலைக் காப்பி குடித்தால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் காலையில் எழ முடியாது, எழாவிட்டால் அந்தப் பெண் பூங்கா வாசலில் குளிரில் நிற்பார். “அவ நிப்பாளேன்னுதான் தம்பி எந்திரிப்பேன். சுகருக்காவா எந்திரிச்சேன்?” சனிக்கிழமை நண்பகல் அவர்களுடைய கோயிலில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்து உண்ணும் விருந்து நடக்கும், அங்கேயும் அழைத்துப் போனார். பயறு, கொட்டை, கீரை என்று சமைத்திருப்பார்கள். அக்கா நம் ஊர்ச் சுண்டலைக் கொண்டுபோய், அது பாத்திரம் காலியாகித் திரும்பிய பெருமையை இப்போதும் சொல்வார்.

இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. ‘மற்றவை’ என்று ஒரு கோடு இருந்தது. அதில் எதை எழுதுவது என்று கேட்டேன். “எல்லாத்துக்கும் அஞ்சு போட்டாச்சுல்ல, விடுங்க” என்றுவிட்டார். தொகுத்துப் பார்க்கும்போது அக்கா, உடல்நல நிகழ்ச்சிகளால் முழுமையாக மாற்றப்பட்ட நேயர்களில் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார்.

நம்பிக்கை பற்றிய கேள்விக்கும் இதே கதிதான். ஐந்து போட்டார், ஆனால் அவர் அட்வென்டிஸ்ட் ஆகவில்லை. “சனிக்கிழமை சாப்பாடு அவங்களோட, ஞாயித்துக்கிழமை ஆராதனை நம்ம சபையில” என்பது அவர் ஏற்பாடு. அவருடைய வேத வாசிப்போ கொள்கையோ மாறியதாகத் தெரியவில்லை. மாறியது வெள்ளிக்கிழமை மாலை. இசை தணிந்ததும் அவர் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறார். பிள்ளைகளை அழைத்துப் பேசுகிறார். சைவ சமயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது எளிதில் புரிந்தது. எங்கள் வீட்டில் திருச்சி வானொலியின் காலை பக்திப் பாடல்கள்தான் கடிகாரம். முருகன் பாட்டு, இஸ்லாமியப் பாட்டு, கிறிஸ்தவப் பாட்டு என்று எந்த வரிசையில் எது ஒலிக்கிறது என்பதை வைத்துத்தான் குளியலும் பள்ளிக்குப் புறப்பாடும். அந்தக் கிறிஸ்தவப் பாடல்களில் பாதி எனக்கு இன்றும் மனப்பாடம். கொள்கையை நம்ப வைப்பதைவிட நேரத்தை ஒழுங்குபடுத்துவதில்தான் வானொலி கைதேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை பெரும்பாலும் ஒழுங்கான நேரத்தைப் பற்றிக்கொண்டுதான் வளர்கிறது என்பதால் இதைச் சிறிய காரியம் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

பூனாவில் பார்த்தது, தஞ்சையில் விளைந்தது

இந்தக் கதை ஒரு அக்காவின் கதை மட்டுமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் வானொலி பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. முன்னோடிச் சோதனை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1956இல் யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து, அன்றைய பம்பாய் மாநிலத்தில் பூனா சுற்றுவட்டத்து 5 மாவட்டங்களில் சுமார் 150 ஊர்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்தன. வாரம் இருமுறை அரைமணி நேரம், மொத்தம் 20 ஒலிபரப்புகள். ஊருக்கு இருபது பேர் போல ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, பிறகு கலந்து பேசி, என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டும். ஆய்வை மேற்பார்வையிட்ட பால் நியூராத் ஒரு நல்ல காரியம் செய்தார்: மன்றம் உள்ள ஊர்களை, வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களோடும், வானொலியே இல்லாத ஊர்களோடும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் முன்னேற்றம் சொற்பம். கேட்ட பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூட்டம் இருந்ததா என்பதே வேறுபாடு.

எங்கள் தாத்தா தஞ்சை மாவட்டத்தில் ‘ரேடியோ நெல்’ போட்டவர். 1960களில் வந்த ஆடுதுறை 27 என்ற ரகத்துக்கு விவசாயிகள் வைத்த பெயர் அது. திருச்சி வானொலி அவ்வளவு பரப்பியது. வானொலியின் வலிமைக்குச் சான்றாக இந்தப் பெயரைச் சொல்லாத ஒலிபரப்பாளர் கிடையாது. ஆனால் அந்த நாட்களில் தஞ்சையில் தீவிர வேளாண் திட்டம் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. விதையும் உரமும் கடனும் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கிடைத்தன, கிராம சேவக் என்ற ஊர்நிலை அரசு ஊழியர் வயலுக்கே வந்தார். தாத்தா வானொலியைக் கேட்டார் என்பது உண்மை. கேட்டதைச் செய்ய வழி அடுத்த தெருவில் இருந்தது என்பதும் உண்மை. பெயர் மட்டும் வானொலிக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா தம் மாற்றத்துக்கு வானொலியின் பெயரை வைத்ததும் இப்படித்தான்.

அண்மைக் காலத்தில் இன்னும் கறாரான சோதனையும் நடந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 2012 முதல் 2015 வரை, 14 சமூக வானொலிகளின் பகுதிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தது போல ஏழு ஏழாகப் பிரித்து, ஏழில் மட்டும் குழந்தை நோய்கள் பற்றிய விளம்பரத் துணுக்குகளையும் நாடகங்களையும் ஒலிபரப்பினார்கள். ஒலிபரப்பு நடந்த பகுதிகளில் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் குழந்தைகளை மருத்துவ நிலையத்துக்குத் தூக்கி வந்தோர் எண்ணிக்கை உயர்ந்தது. குழந்தை இறப்பு குறைந்ததா என்பதை நேரடிக் கணக்கெடுப்பு உறுதிப்படுத்தவில்லை. எனக்கு இந்த முடிவின் நேர்மை பிடித்திருக்கிறது. ஒருமுறை செய்தால் போதும் என்ற செயலை, அதுவும் செல்வதற்கு ஒரு நிலையம் இருக்கும்போது, வானொலியின் குரல் தூண்டிவிடும். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய பழக்கம் வேறு வகை.

அட்வென்டிஸ்டுகளுக்கு இது தெரியாதது அல்ல என்பதுதான் வேடிக்கை. 1960ஐ ஒட்டி அவர்கள் உருவாக்கிய, புகைப்பதை விடுவதற்கான ஐந்து நாள் திட்டத்தை ஒரு போதகரும் ஒரு மருத்துவரும் சேர்ந்து வடிவமைத்தார்கள். தொடர்ந்து ஐந்து மாலைகள் ஒரே கூட்டம் ஒன்றுகூட வேண்டும். ஆசை தலைதூக்கும்போது ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக்கொள்ள இணை சேர்த்துவிடுவார்கள். பல நாடுகளில் பரவிய திட்டம் அது. அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, புகையிலையின் தீமையைச் சொல்வது வேலையில் சிறு பங்குதான் என்று. வானொலி நிலையத்துக்கு வரும்போது மட்டும் அந்த அறிவு மறந்துபோய், எத்தனை நிமிடம் உடல்நலம் பேசினோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

குரலை நம்புவதன் மறுபக்கமும் இருக்கிறது. அதை நீட்ட விரும்பவில்லை. ஜெபத்துக்காக நம்பிய குரலை மருந்துக்கும் நம்புகிறோம். அட்வென்டிஸ்ட் சபை 2015இல் தடுப்பூசியை ஆதரித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. மருத்துவமனை நடத்துகிற சபைக்கு அது இயல்பு. ஆனால் கொரோனா தடுப்பூசிக்கு எதிரான பேச்சுகளைத் தம் டேஸ்டார் கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் ஒலிபரப்பிய மார்கஸ் லாம்ப் 2021 நவம்பரில் அதே நோயால் இறந்தார். குரலின் மீதுள்ள நம்பிக்கைக்குச் சரி தவறு தெரியாது. பின்னால் நிற்கும் நிறுவனத்துக்குத்தான் தெரிய வேண்டும்.

அக்காவிடமும் மாணவியிடமும்

என் முடிவை அக்காவிடம் சொன்னேன்: உங்களை மாற்றியது வானொலி அல்ல, அந்தப் பெண்மணி. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அந்த நம்பர் எனக்கு எங்க கெடச்சுது? ரேடியோலதான? ராத்திரி ரெண்டு மணிக்கு வேற யாரு நம்பர் குடுத்தா?” என்றார். இது சரியான மறுப்பு. பெட்டி இல்லாத ஊரில் மன்றமும் கூடியிருக்காது. மத வானொலிக்கு மற்ற வானொலிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்: குரலுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சபை, அதில் திரும்ப அழைக்க நேரம் உள்ள மனிதர்கள், அவர்களுக்கு அப்படி அழைப்பதைக் கடமையாக்கிய ஒரு சமயம். அரசுச் சுகாதாரத் துறையின் விளம்பரத்தைக் கேட்டு நான் அழைத்தால் எனக்கு ஒரு பதிவு செய்த குரல் கிடைக்கும். அக்காவின் அடுத்த கேள்வி, “அவள எங்கிட்ட அனுப்புனது யாரு?” என்பது. அவருக்கு அதில் ஐயமே இல்லை. எனக்கு அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. ஐந்து கட்டங்களுக்குள் அடங்கும் கேள்வியும் அல்ல அது.

மாணவியைப் பிறகு ஒருமுறை தொலைபேசியில் பிடித்தேன். சலித்துக்கொள்ளாமல் பொறுமையாகக் கேட்டார். கேள்வித்தாளில் ஒரு கேள்வியையாவது மாற்றலாமே என்றேன்: எந்த நிகழ்ச்சி உங்களை மாற்றியது என்று கேட்பதற்குப் பதிலாக, வானொலி மூலம் அறிமுகமான யாரையாவது நீங்கள் நேரில் சந்திக்கிறீர்களா என்று கேட்டு, சந்திப்பவர்களையும் சந்திக்காதவர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். குறித்துக்கொண்டார். இரண்டாவதாக, நேயர் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் தாள் அனுப்பினால் கேட்பதை விட்டுவிட்டவர்கள் எங்கே வருவார்கள் என்று கேட்டேன். அவர்களைத் தேடுவது கடினம் என்றார். ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. கடைசியாக, அக்காவைப் போலவே இரவில் ஜெப எண்ணை அழைத்து, ஆனால் மறுநாள் யாரும் திரும்ப அழைக்காமல் போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள், தொண்டர்கள் எப்போதும் போதுமான அளவில் இருப்பதில்லை, அவர்களின் பழக்கம் மாறியதா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும், நிலையத்தில் அந்தப் பட்டியல் இருக்குமா என்று கேட்டேன். விசாரித்துவிட்டு இரண்டு நாள் கழித்துக் குறுஞ்செய்தி அனுப்பினார்: திரும்ப அழைக்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுந்தான் நிலையத்தில் பதிந்து வைக்கிறார்களாம்.